கண்ணுக்கும் கூலி உண்டு

நமது நண்பர் ஒருவர் முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஊருக்குச் சற்று வெளியே ஒரு மனை வாங்கியிருக்கிறார். அதில் வீடு கட்டுவதற்காகக் கண்டிராக்டர் ஒருவர் தயாரித்துக் கொடுத்த எஸ்டிமேட்டைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் கொண்டுவந்து விரித்தார். மொத்தம் நாற்பது லட்சம் ரூபாய். கடைக்கால் தோண்டுவது முதல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வரையில் எல்லாம் பதினேழு பக்கங்களில் கணக்காக எழுதியிருந்தது. அந்தப் பதினேழு பக்கங்களிலும் நண்பர் ஒரே ஒரு வரியைத்தான் சிவப்பு மையினால் சுழித்து வைத்திருந்தார். "வேலைத்தல மேற்பார்வையும் இதர மேற்செலவும் - ரூ. 4,50,000" என்பது அந்த வரி.

"செங்கல்லுக்குக் கொடுக்கிறேன், சிமெண்டுக்குக் கொடுக்கிறேன், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி கொடுக்கிறேன். நின்று பார்ப்பதற்கு நாலரை லட்சமா? நான்தான் ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறேனே, நானே நின்று பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. செங்கல்லைக் கையால் எடுத்துப் பார்க்கலாம், எண்ணலாம், மட்டமாக இருந்தால் திருப்பி அனுப்பலாம். மேற்பார்வையை அப்படி எடுத்துப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு அதன் பெயரும் துரதிர்ஷ்டமாக அமைந்துவிட்டது. நம் நாட்டில் 'மேல் வரும்படி' என்பது என்னவென்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆகையால் 'மேற்செலவு' என்று யாராவது எழுதினால், அது அந்த மேல் வரும்படிக்கு உடன்பிறந்தது என்றே கிருகஸ்தர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

கலியாண வீட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாக விளங்கும். உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மாமா நிற்பார். அவர் காய் நறுக்குவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை, பரிமாறுவதும் இல்லை. மூன்று வேளையும் முதல் காப்பி மட்டும் அவருக்குத்தான். அவருக்கு என்ன வேலை என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட்பதுண்டு. அவர் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தால் நெய் டின்கள் எப்படிக் கரைகின்றன என்பதைப் பெண்ணைப் பெற்றவரிடம் கேட்டால் சொல்வார்.

நண்பரின் நாலரை லட்சம் எதெல்லாம் சேர்ந்து ஆனது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். தினமும் வேலையிடத்தில் நிற்கும் சூபர்வைசருக்கு மாதம் 25,000. இரவுக் காவலுக்கும் கான்கிரீட்டை நனைப்பதற்குமாக ஓர் ஆளுக்கு 12,000. தகரக் கொட்டகை, தற்காலிக மின்சார இணைப்பு, தண்ணீர்த் தொட்டி, வேலையாட்களுக்குக் கழிப்பிடம், சோதனைச் செலவு, சில்லறைப் போக்குவரத்து இவைகளுக்கு 8,000. ஆக மாதம் 45,000. பத்து மாத வேலை. இது வேலைத்தலத்துச் செலவு மட்டுமே; கண்டிராக்டரின் ஆபீஸ் வாடகை, குமாஸ்தா சம்பளம், டெலிபோன், கணக்குப் பிள்ளை எல்லாம் வேறு. அவைகளை அவர் தம்முடைய லாபத்தோடு சேர்த்து ஒவ்வொரு வேலையின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டிருக்கிறார்.

இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையார் கட்டட வேலைகளுக்கு விலை நிர்ணயிக்கும்போது, சாமானும் கூலியும் போட்டுக் கூட்டியபின் கண்டிராக்டரின் லாபத்துக்கும் மேற்செலவுக்குமாக நூற்றுக்கு 15 சேர்க்கிறார்கள். லாபத்துக்குப் பாதி, மேற்செலவுக்குப் பாதி. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தார் சாலை வேலைக்கு ஒரு விகிதமும், பாலத்துக்கு அதைவிட அதிகமான விகிதமும் வைத்திருக்கிறார்கள். பாலத்தில் கண் அதிகம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நண்பரின் எஸ்டிமேட்டில் வேலைத்தலச் செலவு மட்டுமே நூற்றுக்குப் பதினொன்றேகால் ஆகிறதே என்று கேட்கலாம். நாற்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கும் ஒரு காவற்காரர்தான். நான்கு கோடி ரூபாய்க் கட்டடத்துக்கும் பெரும்பாலும் ஒரு காவற்காரர்தான். சின்ன வேலையில் இந்த விகிதம் பெரிதாகத் தெரிவது இயல்பு.

சரி, அந்தச் சூபர்வைசர் நின்று என்னதான் பார்க்கிறார்?

தளம் போடுகிற நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. சாதாரண வீட்டுத் தளத்துக்கான கான்கிரீட்டில், சிமெண்டின் எடையில் நூற்றுக்கு 55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது நமது தேசத்துக் கட்டட விதி. அதாவது மூட்டைக்கு இருபத்தேழரை லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒழுங்காகத்தான் தொடங்குகிறார்கள். பதினோரு மணிக்கு வெயில் ஏறுகிறது. கலவை இறுகுகிறது, கம்பிகளுக்கு நடுவில் இறங்க மறுக்கிறது. சட்டி சுமக்கும் பெண்களுக்குக் கை ஓய்ந்துபோகிறது. மேஸ்திரி ஒன்றும் கெட்டவர் அல்லர். தம் ஆட்களிடம் இரக்கம் உள்ளவர். "இன்னும் ஒரு வாளி ஊற்றப்பா" என்கிறார். வாளிக்குப் பத்து லிட்டர். கலவை பாயசம் மாதிரி ஓடுகிறது, வேலை சுருக்காக முடிகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஒரு வாளியினால் தளத்தின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

பாலில் தண்ணீர் கலந்தால் நம் வீட்டு அம்மாமார்கள் காப்பியை வாயில் வைத்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். கான்கிரீட்டில் கலந்த தண்ணீரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலையில் தளம் வழவழப்பாக, முன்னைவிட அழகாகவே இருக்கும். ஏழெட்டு மழைக்காலம் கழிந்து, கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும்போதுதான் அந்த வாளியின் கணக்கு நேராகும்.

சிமெண்டுத் திருட்டையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்தங்குலக் கனம் என்றால் சுமார் எழுபத்தைந்து மூட்டை பிடிக்கும். பத்தில் ஒரு மூட்டை காணாமற் போனால், மூட்டை நானூறு ரூபாய் என்று வைத்தாலும், எடுத்தவருக்குக் கிடைப்பது மூவாயிரம் ரூபாய். இழந்தவருக்குப் போவது ஒரு தளத்தின் ஆயுள். இவ்வளவு அற்பமான லாபத்துக்காக இவ்வளவு பெரிய நஷ்டம் விளைகிற இடம் வேறு எங்கும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

முட்டுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்தைத் தாங்கி நிற்கும் செண்டிரிங் பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை. பதினைந்தடிக்கு உட்பட்ட தளமானால் ஏழு நாளும், அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாளும், இருபதடிக்கு மேற்பட்ட உத்தரங்களுக்கு இருபத்தொரு நாளும் முட்டு நிற்க வேண்டும் என்று விதி சொல்லுகிறது. அதுவும் சாதாரணச் சிமெண்டுக்குச் சொன்னது. சாம்பல் கலந்த சிமெண்டு நிதானமாக இறுகுவதால் இன்னும் பொறுக்க வேண்டும். வாடகைக்காரரோ பக்கத்துத் தெருவில் அடுத்த வேலை காத்திருக்கிறது என்று தினமும் ஆள் அனுப்புவார். "இன்னும் நான்கு நாள் கழித்து வா" என்று அவரைத் திருப்பி அனுப்ப, விதி தெரிந்த, சம்பளம் வாங்குகிற ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். நமது நண்பர் நிற்பார்தான். ஆனால் எதைத் தடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் முப்பது ஆண்டு பார்த்தது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி உத்தியோகம்.

நண்பர் செய்ய நினைத்ததை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்களும் உண்டு. கானடா தேசத்தில் க்யுபெக் நகரத்துக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் நதிக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம் கட்டத் தொடங்கினார்கள். நடுவில் 1,800 அடி இடைவெளி. உலகத்தில் அதுவரையில் அவ்வளவு நீளத்தை ஒரே தாண்டலாக எவரும் தாண்டியதில்லை. பாலக் கம்பெனியிடம் பணம் மட்டு. ஆகவே ஆலோசனை எஞ்ஜினீயராக நியூயார்க்கிலிருந்த தியோடர் கூப்பர் என்பவரை அமர்த்திக்கொண்டார்கள். பெரிய நிபுணர், வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லை. அவருக்குக் கொடுத்த ஊதியத்தில் போதிய உதவியாளர்களை வைத்துக்கொள்ள இயலவில்லை. வேறோர் எஞ்ஜினீயர் கணக்குகளைச் சரிபார்க்கட்டும் என்று சர்க்காரில் யோசனை எழுந்தபோது, அதையும் அவர் ஒப்பவில்லை. இரும்பு வேலை மேலே எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவைகூட அவர் அங்கே போய்ப் பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக அங்கே நின்றவர் மக்ளூர் என்ற இளைஞர். கல்லூரியை விட்டு வந்து அதிக காலம் ஆகாதவர். பார்க்கலாம், எழுதலாம், ஆனால் வேலையை நிறுத்து என்று சொல்ல அதிகாரமில்லாதவர்.

1907 ஆகஸ்டு மாதக் கடைசியில் பாலத்தின் அடிப்பாகத்து இரும்புச் சட்டம் ஒன்று வளையத் தொடங்கியிருப்பதை மக்ளூர் கண்டார். அளந்தார். சில நாட்களுக்குள் வளைவு இரண்டங்குலத்துக்கு வந்துவிட்டது. வேலையிடத்தில் இருந்தவர்கள், அந்தச் சட்டம் முதலிலேயே அப்படி வளைந்துதான் வந்திருக்கும் என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். தீர்மானம் சொல்லக்கூடியவர் அங்கே எவருமில்லை. மக்ளூர் ரயிலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 29-ஆம் தேதி கூப்பர் விஷயத்தைக் கேட்டவுடன், மேற்கொண்டு பாரம் ஏற்றக்கூடாது என்று தந்தி கொடுத்தார். தந்தி க்யுபெக்குக்கு அல்ல, இரும்பு வேலை செய்த கம்பெனியின் ஊருக்குப் போயிற்று. அன்று மாலை ஐந்தரை மணிக்கு, அந்த உத்தரவு வேலையிடத்துக்கு எட்டுமுன், பாலத்தின் தென்பகுதி முழுவதும் சில விநாடிகளில் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்தவர்கள் 86 பேர். மாண்டவர்கள் 75 பேர். அவர்களில் 33 பேர் மோஹாக் பழங்குடிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: விழுந்ததற்கு மூல காரணம் கணக்குப் பிழை. இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியபோது பாலத்தின் சொந்தப் பாரத்தைத் திரும்பக் கணக்கிடாமல் விட்டார்கள். அடிச்சட்டங்கள் பலம் போதாமல் இருந்தன. எந்தச் சூபர்வைசரும் நின்று பார்த்து அந்தச் சட்டங்களைப் பலமாக்கியிருக்க முடியாது. ஆனால் 1908-இல் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கை, அனுபவமுள்ள பால எஞ்ஜினீயர் ஒருவரைக் கம்பெனியார் தலைமையில் வைக்காதது பிழை என்றும், அதனால் மேற்பார்வை தளர்ந்துவிட்டது என்றும் கண்டித்தது. சட்டத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. எழுபத்தைந்து பேரையும் கீழே இறங்கச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு மனிதரின் சம்பளம் அந்தப் பெரிய எஸ்டிமேட்டில் எழுதப்படாமற் போயிற்று. பாலம் பிற்பாடு புதிதாகக் கட்டப்பட்டு 1917-இல் முடிந்தது. இடையில் 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கி வைக்கும்போது அதுவும் விழுந்து மேலும் 13 பேர் மாண்டார்கள்.

இதையெல்லாம் கேட்ட நண்பர், "அப்படியானால் கண்டிராக்டர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட வேண்டியதுதானா?" என்றார். இல்லவே இல்லை. கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. எப்படிக் கொடுப்பது என்பது மற்றொன்று.

ஆகிற செலவில் நூற்றுக்கு இவ்வளவு மேற்பார்வைக்கு என்று ஒப்புக்கொள்வதைப் போல அபாயம் வேறில்லை. செலவு ஏற ஏற அவருக்குப் பங்கு ஏறும். சிக்கனம் செய்தால் தம் கையையே கடித்துக்கொண்டவர் ஆவார். நம் தேசம் இந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1849-இல் ரயில் போட வந்த இங்கிலீஷ் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தார்கள். லாபம் குறைந்தால் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து ஈடு செய்தார்கள். எவ்வளவு செலவழித்தாலும் வட்டி நிச்சயமென்றால் எவர்தான் பென்சிலைக் கையில் எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள்? ரமேச சந்திர தத்தர் அந்த ஏற்பாட்டைத் தமது பொருளாதாரச் சரித்திரத்தில் எடுத்துக்காட்டிக் கண்டித்திருக்கிறார்.

நூற்றுக்கு இவ்வளவு என்பது இன்னொரு விதத்திலும் தவறு. மேற்பார்வைச் செலவு செங்கல்லோடு கூடி ஏறுவதில்லை. நாட்காட்டியோடு கூடி ஏறுகிறது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் காவற்காரருக்குச் சம்பளம் உண்டு. கொட்டகைக்கு வாடகை உண்டு. நண்பரின் வீடு பத்து மாதத்தில் முடியாமல் பதினான்கு மாதம் இழுத்தால், ஒரு செங்கல்கூட அதிகமாக வைக்காமலே 1,80,000 ரூபாய் போய்விடும். அந்த நான்கு மாதமும் அவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், வாங்கிய கடனுக்கு வட்டியும் வேறு.

தாமதத்துக்குக் கண்டிராக்டரே எப்போதும் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆடி மாதம் வேலை தொடங்கக்கூடாது. மார்கழியில் நிலை வைக்கக்கூடாது. தை பிறக்கட்டும் என்பது ஒரு மாதம். தளம் போடும் சமயத்தில் மைத்துனர் வந்து மாடிப்படியை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று கேட்பது இன்னொரு மாதம். டைல்ஸ் பார்க்க நான்கு ஊர் போவது மூன்றாவது மாதம். சாஸ்திரத்தை நாம் குறை சொல்லவில்லை. மார்கழி இருக்கிறது என்பது தை மாதத்திலேயே தெரிந்த விஷயந்தானே? அதை எஸ்டிமேட்டிலேயே சேர்த்து எழுதிவிடலாமே என்கிறோம்.

பெரிய வேலைகளில் இந்தத் தாமதக் கணக்கு கோர்ட்டு வரையில் போவதுண்டு. வேலையிடத்துச் செலவையாவது ரசீது காட்டி நிரூபிக்கலாம். தலைமை ஆபீஸ் செலவில் இந்த வேலையின் பங்கு எவ்வளவு என்பதை எப்படிக் காட்டுவது? அமெரிக்காவில் 1960-இல் ஐக்லே என்ற கம்பெனியின் வழக்கில் ஒரு சூத்திரம் ஏற்கப்பட்டது. ஒரு கண்டிராக்டருக்கு மொத்தம் ஒரு கோடி ரூபாய் வேலை. அதில் நம்முடையது நாற்பது லட்சம். அவருடைய ஆபீஸ் செலவு மாதம் 50,000 என்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 20,000, நம் வேலையின் பேரில் நிற்கிறது. நம்மால் இரண்டு மாதம் தாமதமானால் 40,000 கேட்கலாம். ஆனால் வேறு வேலைக்கும் போக முடியாமல் நமக்காகக் காத்து நின்றார் என்பதை அவர் காட்ட வேண்டும். ஹட்ஸன், எம்டன் என்ற பெயர்களில் வேறு சூத்திரங்களும் உண்டு. மெக்டெர்மாட் கம்பெனிக்கும் பர்ன் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கும் நடந்த வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டு 2006-இல் இம்மூன்றையும் எடுத்துப் பேசி, எதைக் கையாளுவது என்பதை மத்தியஸ்தரின் பொறுப்பில் விட்டது. வீடு கட்டும் கிருகஸ்தர் இந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தம் வீட்டு மாடிப்படியின் பேரில் எங்கோ ஓர் ஆபீஸில் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

ஆகையால் நாம் நண்பருக்குச் சொன்னது இதுதான். சிவப்பு மையால் சுழித்த வரியை அடிக்காதீர்கள். விரித்து எழுதச் சொல்லுங்கள். நிற்கப்போகிற சூபர்வைசர் யார், என்ன படித்தவர், எத்தனை வீட்டு வேலைக்கு ஒரே சமயத்தில் நிற்கிறார் என்று பெயர் போட்டுக் கேளுங்கள். ஏனென்றால் ஆறு பேரிடம் முழுச் சம்பளத்தையும் எழுதிவிட்டு, ஒரே பையனை மோட்டார் சைக்கிளில் ஆறு இடங்களுக்கும் அனுப்புகிற சாமர்த்தியம் இந்தத் தொழிலில் உண்டு. கான்கிரீட் போடும் நாளெல்லாம் அவர் முதலிலிருந்து கடைசி வரையில் அங்கே இருக்க வேண்டும். எத்தனை மூட்டை, எத்தனை வாளி, எந்தத் தேதியில் முட்டு எடுத்தது, எத்தனை நாள் நனைத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி உங்களிடம் தினமும் கையெழுத்து வாங்கட்டும். நீங்கள் நிற்க ஆசைப்பட்டீர்கள் அல்லவா? அந்த நோட்டைப் படித்துக்கொண்டு நில்லுங்கள். பணத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று வைக்காமல் மாதம் 45,000 என்று வையுங்கள். உங்களால் தாமதமானால் நீங்கள் கொடுங்கள். அவரால் தாமதமானால் அவர் ஏற்கட்டும்.

வியாழக்கிழமை நண்பர் மறுபடியும் வந்தார். கண்டிராக்டர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு, "இப்படி யாரும் கேட்டதில்லை, ஸார்" என்று சொல்லி ஒப்புக்கொண்டாராம். நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் தனியே முப்பது ரூபாய் கேட்டிருக்கிறார், நண்பர் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகும் சமயத்தில், அவருடைய மனைவி வரைபடத்தை வாங்கிப் பார்த்து, பூஜை அறையை ஈசான்ய மூலைக்கு மாற்றச் சொன்னார்களாம். ரப்பரால் அழித்து மாற்றியதற்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று என்றார் நண்பர்.